பெயரும் குடியுரிமையும்: இந்தோனேசியச் சீனரின் அடையாள வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இந்தோனேசியாவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் சீன வம்சாவளியினர், 1966ஆம் ஆண்டுக்குப் பின் பெரும் எண்ணிக்கையில் தம் சீனப் பெயர்களைக் கைவிட்டு உள்ளூர்ப் பெயர்களை ஏற்றனர். அரசின் ஆணைகளாலும் சமூக நெருக்கடியாலும் நிகழ்ந்த இம்மாற்றத்தை, அம்மக்களின் குடியுரிமை வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது. டச்சுக் குடியேற்ற ஆட்சி வகுத்த இனப்பிரிவு, சீனமும் இந்தோனேசியாவும் ஒரே மக்கள்மீது கொண்டாடிய உரிமை, சுகார்த்தோ ஆட்சியின் கரைத்தல் கொள்கை, 1998க்குப் பிந்தைய சட்டச் சீர்திருத்தம் என்னும் நான்கு கட்டங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. பெயரை மாற்றச் சொன்ன அரசே, பெயர் மாறியவரைப் பிரித்தறியும் ஆவணங்களையும் பேணிவந்தது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இந்தோனேசியா, சீன வம்சாவளியினர், பெரானாக்கன், பெயர் மாற்றம், குடியுரிமை, கரைத்தல் கொள்கை.

1. முன்னுரை

ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் போட்டியில் வாகை சூடிய முதல் இந்தோனேசியர் தான் ஜோ ஹொக் ஆவார். 1959ஆம் ஆண்டில் அவ்வெற்றியைப் பெற்ற அவர், பின்னாளில் ஹெந்திரா கர்த்தனெகாரா என்று அறியப்பட்டார். அதே பட்டத்தை எட்டு முறை வென்ற ரூடி ஹர்தோனோவின் இயற்பெயர் நியோ ஹாப் லியாங். நாட்டின் கொடியை உலக அரங்கில் உயர்த்தியவர்களும் தம் பெற்றோர் இட்ட பெயரால் அழைக்கப்பெறவில்லை. இரண்டு பெயர்கள் ஒருவரிடத்தில் அமைந்திருப்பது இந்தோனேசியச் சீனருள் ஒரு தலைமுறை முழுவதற்கும் பொதுவான நிலையாகும்.

இப்பெயர் மாற்றத்தை விருப்பத்தின் விளைவு என்று கொள்வதா, வற்புறுத்தலின் விளைவு என்று கொள்வதா என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. பெயரை மாற்றாதவருக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் எதுவும் இருந்ததில்லை. ஆயினும், பெயரை மாற்றாமல் இருப்பது நாட்டுப்பற்றின்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரு குடிமகனிடம் அரசு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்னும் பொதுவான சிக்கலும் இதனுள் அடங்கியிருத்தலால், இவ்வரலாறு விரிவாக நோக்கத்தக்கதாகிறது.

2. ஒரு சமூகமா, பல சமூகங்களா?

‘இந்தோனேசியச் சீனர்’ என்று ஒரு சொல்லால் சுட்டினாலும், அவர்கள் ஒரே தன்மையினர் அல்லர். தென்சீனத்தின் ஃபூஜியன், குவாங்தோங் மாகாணங்களிலிருந்து வந்த ஹொக்கியன், ஹக்கா, தியோச்சியூ, கண்டனியர் ஆகிய மொழிக்குழுவினர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தொழில்களை நாடி வந்தனர். ஜாவாத் தீவின் துறைமுக நகரங்களில் ஹொக்கியர் வணிகராகவும் கைவினைஞராகவும் வாழ்ந்தனர். மேற்கு போர்னியோவின் தங்கச் சுரங்கங்களில் ஹக்கா தொழிலாளர் ‘கொங்சி’ எனப்பட்ட கூட்டமைப்புகளை நிறுவினர். அவற்றுள் 1777இல் தோன்றிய லான்ஃபாங் கொங்சி, 1884இல் டச்சுக்காரர் அதை ஒழிக்கும்வரை தனக்கெனத் தலைவரைத் தானே தேர்ந்துகொண்டது. பங்கா தீவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்தோரும் சீனத் தொழிலாளரே. ஜக்கார்த்தாவை அடுத்த தங்கெராங் பகுதியில் வாழும் ‘சீனா பெந்தெங்’ மக்கள், உழவும் கூலி வேலையும் செய்து எளிய வாழ்க்கை நடத்துவோர். ஆகவே, சீனர் என்றாலே செல்வர் என்னும் பொதுக்கருத்து உண்மைக்குப் புறம்பானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை சீனப் பெண்கள் கடல்கடந்து வருவது அரிது. எனவே வந்த ஆடவர் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் ‘பெரானாக்கன்’ எனப்பட்டனர். ‘அனாக்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பிள்ளை என்பது பொருள். அதன் அடியாகப் பிறந்ததே இப்பெயர். புதிதாக வந்தோரும் சீன மொழியை வீட்டில் பேசியோரும் ‘தொத்தொக்’ எனப்பட்டனர்.

பெரானாக்கன் மக்கள் தலைமுறைகள் செல்லச்செல்லச் சீன மொழியை இழந்தனர். மலாயும் ஜாவானியமும் சுண்டானியமும் அவர்தம் தாய்மொழிகளாயின. இழப்போடு ஆக்கமும் சேர்ந்தே நடந்தது. லீ கிம் ஹொக் 1884இல் பத்தாவிய மலாய்க்கு இலக்கண நூல் ஒன்றை இயற்றினார். குவீ தெக் ஹோய் (1886–1951) போன்றோர் மலாயில் நாவல்களும் நாடகங்களும் படைத்தனர். நவீன இந்தோனேசிய உரைநடையின் தொடக்க வளர்ச்சியில் இவர்களுக்குப் பங்குண்டு. அன்றாட வழக்கிலும் ‘பக்மி’, ‘லும்பியா’, ‘தாஹு’ போன்ற உணவுப் பெயர்களும், ஜக்கார்த்தாவின் பேச்சு வழக்கில் நான், நீ என்னும் பொருளில் வழங்கும் ‘குவா’, ‘லு’ என்னும் சொற்களும் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தவையே.

மொழி போய், உடை மாறி, உணவு கலந்த பின்னரும் பெரானாக்கன் மக்களிடம் மாறாது நின்றது பெயர். தான், லியெம், ஊய், ஓங் என்னும் குடிப்பெயர் முன்னே நிற்க, தலைமுறையைக் காட்டும் அசையும் தனிப்பெயரும் அதனைத் தொடர்ந்து வருதல் மரபு. குடிப்பெயர் தந்தைவழிக் குலத்தைக் காட்டியது. தலைமுறை அசை, உடன்பிறந்தாரையும் ஒன்றுவிட்ட உறவினரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. ஒரே குடிப்பெயருடையோர் தமக்குள் மணம் செய்யலாகாது என்னும் விதியும் இதனைச் சார்ந்தே இயங்கிற்று. சீன மொழி அறியாத ஒருவருக்கும் முன்னோருக்கும் இடையே எஞ்சியிருந்த பாலம் பெயரே எனலாம்.

3. குடியேற்ற ஆட்சியின் வேலி

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1619இல் பத்தாவியாவை (இன்றைய ஜக்கார்த்தா) கைப்பற்றியதும், சௌ பெங் கொங் என்பாரைச் சீனரின் தலைவராக அமர்த்தியது. ‘கப்பித்தான்’ எனப்பட்ட அப்பதவியின் வழியே சீனர் தம் வழக்குகளையும் வரிகளையும் தாமே நடத்திக்கொண்டனர். கம்பெனிக்கு அவர்களின் உழைப்பும் வணிகத் தொடர்பும் இன்றியமையாதனவாயிருந்தன. எனினும் அந்த உறவு அச்சத்தின்மீது அமைந்த உறவாகவே இருந்தது. 1740 அக்டோபரில் பத்தாவியா நகரில் நிகழ்ந்த படுகொலையில் ஏறத்தாழ 10,000 சீனர் மாண்டனர். அதன்பின் எஞ்சியோர் மதிலுக்கு வெளியே குளோடொக் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். அப்பகுதி இன்றும் ஜக்கார்த்தாவின் சீனர் தெருவாக விளங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வேலி சட்டத்தின் வடிவம் பெற்றது. சீனர் தமக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் மட்டுமே வாழலாம். வெளியூர் செல்ல அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்த ஒரு சமூகம் இவ்விரு விதிகளால் தனிமைப்படுத்தப்பட்டது. இவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில்தான் தளர்த்தப்பட்டன.

குடிமக்களை ஐரோப்பியர், அயற்கீழை நாட்டார், மண்ணின் மைந்தர் என மூவகையாகப் பகுத்தமை டச்சுச் சட்டத்தின் அடித்தளமாகும். ஒவ்வொரு வகையினர்க்கும் சட்டமும் நீதிமன்ற நடைமுறையும் வேறு. சீனர், அரேபியர், இந்தியர் ஆகியோர் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டனர். சுமத்திராவின் டெலித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரும் சட்டத்தின் கண்ணில் இவ்வகையினரே. 1899இல் ஜப்பானியர்க்கு ஐரோப்பியருக்கு நிகரான நிலை வழங்கப்பட்டபோது, சீனரிடையே மனக்குறை மிகுந்தது.

அபின் விற்பனை, அடகுக்கடை, சுங்கம் முதலியவற்றின் வரிக்குத்தகைகளைச் சீனச் செல்வர்க்கு அளித்து, அவர்கள் வழியே ஆட்சியாளர் உள்ளூர் மக்களிடம் வரி தண்டினர். வரியைப் பெற்றவர் டச்சுக்காரர். கேட்டு வந்த முகம் சீனருடையது. மக்களின் கசப்பு கண்முன் நின்ற முகத்தின்மேல் படிந்தது. சீனர் அயலார், சுரண்டுவோர் என்னும் மனப்படிமம் குடியேற்ற ஆட்சியின் இவ்வமைப்பில் வேர்கொண்டதாகும்.

4. ஒரு மக்கள், இரு அரசுகள்

1900ஆம் ஆண்டில் பத்தாவியாவில் தோன்றிய தியோங் ஹோவா ஹ்வீ குவான் என்னும் சங்கம், சீன மொழிவழி நவீனப் பள்ளிகளை நிறுவியது. இதனைக் கண்ட டச்சு அரசு 1908இல் சீனருக்கென டச்சு மொழிப் பள்ளிகளைத் திறந்தது. கல்வியில் தொடங்கிய இப்போட்டி விரைவில் குடியுரிமைக்கும் பரவியது. 1909இல் சிங் பேரரசு இயற்றிய சட்டம், சீனத் தந்தைக்கு எங்குப் பிறந்த பிள்ளையும் சீனக் குடியே என்றது. 1910இல் டச்சு அரசு இயற்றிய சட்டம், தன் ஆட்சிப்பகுதியில் குடியிருக்கும் பெற்றோர்க்கு அங்குப் பிறந்த பிள்ளை டச்சு ஆட்சிக்குட்பட்டவர் என்றது. குருதியால் ஓர் அரசும், மண்ணால் மற்றோர் அரசும் ஒரே மனிதரை உரிமை கொண்டாடின.

சமூகத்தின் உள்ளேயும் மூன்று போக்குகள் உருவாயின. ‘சின் போ’ இதழைச் சூழ்ந்தோர் சீனத்தை நோக்கினர். சுங் ஹ்வா ஹ்வீ அமைப்பினர் டச்சு ஆட்சியின்கீழ் உரிமை நாடினர். 1932இல் லியெம் கூன் ஹியன் நிறுவிய இந்தோனேசியச் சீனர் கட்சி, இந்தோனேசிய விடுதலையே தம் விடுதலை என்றது. எனினும் இப்போக்குகள் ஒன்றையொன்று முற்றாக விலக்கவில்லை. சீனத்தை நோக்கிய ‘சின் போ’ இதழே, 1928 நவம்பரில் ‘இந்தோனேசியா ராயா’ பாடலை முதன்முதலாக அச்சிட்டது. அப்பாடலே பின்னர் அந்நாட்டின் தேசியகீதமாயிற்று.

லியெம் கூன் ஹியனின் வாழ்வு இக்காலத்தின் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. விடுதலைக்கு முன்னர் 1945இல் அமைந்த ஆயத்த ஆய்வுக்குழுவில் அவர் உறுப்பினராயிருந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1951இல் இடதுசாரிகள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின்போது கைது செய்யப்பட்டார். யாருக்காக உழைத்தாரோ அக்குடியரசின் குடியுரிமையை மனம் வெறுத்துத் துறந்த அவர், 1952இல் மேடான் நகரில் காலமானார்.

1945ஆம் ஆண்டு அரசமைப்பின் 26ஆம் உறுப்பு, ‘அசல்’ இந்தோனேசிய இனத்தாரும் சட்டத்தால் ஏற்கப்பட்ட பிற இனத்தாரும் குடிமக்கள் என்றது. 6ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவர் ‘அசல்’ இந்தோனேசியராக இருத்தல் வேண்டும் என்றது. இந்த ‘அஸ்லி’ என்னும் சொல், பிறப்பால் குடிமகனானவரையும் இரண்டாம் படியில் நிறுத்த வல்லதாயிருந்தது. அரசமைப்பு மன்றத்தில் 1959இல் அவ்வரசமைப்புக்கு மீளும் திட்டம் வந்தபோது, இக்காரணத்தைச் சுட்டி வழக்கறிஞர் யாப் தியம் ஹியென் எதிர்த்தார்.

நடைமுறைச் சட்டமோ தொடக்கத்தில் தாராளமாகவே இருந்தது. 1946ஆம் ஆண்டுச் சட்டமும் 1949ஆம் ஆண்டு வட்டமேசை உடன்பாடும், அந்நாட்டில் பிறந்து வாழ்ந்த சீனர் மறுத்துரைத்தாலன்றிக் குடிமக்களே எனக் கொண்டன. பேசாதிருந்தவர் குடிமகனானார். 1955 ஏப்பிரல் 22 அன்று பண்டுங் மாநாட்டின்போது இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுனார்யோவும் சீனப் பிரதமர் சூ என்லாயும் ஒப்பமிட்ட இரட்டைக் குடியுரிமை உடன்படிக்கை இந்நிலையை மாற்றியது. இனி, இந்தோனேசியக் குடிமகனாக விரும்புபவர் சீனக் குடியுரிமையை மறுத்து முறைப்படி அறிக்கை தரவேண்டும். 1960 தொடங்கி இரண்டு ஆண்டுகள் இதற்கு அளிக்கப்பட்டன. ஏற்கெனவே குடிமக்களாயிருந்தோர் தம் குடியுரிமையை மீண்டும் மெய்ப்பிக்கும் கட்டாயத்துக்கு உள்ளாயினர். வாழ்ந்த வாழ்வு சான்றாகாமல், கையிலுள்ள தாளே சான்றாயிற்று. இத்திருப்பம் பின்வந்த நாற்பது ஆண்டுகளுக்கு வழிவகுத்தது.

இதற்கிடையில், 1959ஆம் ஆண்டின் 10ஆம் எண் அரசாணை, அயல்நாட்டினர் ஊர்ப்புறங்களில் சில்லறை வணிகம் செய்வதைத் தடுத்தது. அயல்நாட்டினர் என்னும் சொல் நடைமுறையில் சீனரையே குறித்தது. வாழ்வாதாரம் இழந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கப்பலேறிச் சீனத்துக்குச் சென்றனர். அவர்களுள் பலர் அதற்குமுன் சீன மண்ணைக் கண்டிராதவர்.

5. ஒருங்கிணைவா, கரைவா?

1954இல் தோன்றிய பபெர்கி அமைப்பு, சியாவ் கியோக் ஜான் தலைமையில் ஒருங்கிணைவுக் கொள்கையை முன்வைத்தது. ஜாவானியர், பத்தாக்கியர், மினாங்கபாவ் மக்கள் போன்று சீனரும் ஓர் இனக்குழுவாக இருந்தவாறே இந்தோனேசியராக வாழலாம் என்பது அதன் வாதம். இதற்கு மாறாக, 1960களின் தொடக்கத்தில் எழுந்த மற்றொரு குழுவினர், சீனர் தனிக்குழுவாக இருக்கும்வரை பகைமை நீங்காது. பெயரும் வழக்கமும் மாறிப் பெருஞ்சமூகத்தில் கரைதலே தீர்வு என்றனர். இக்கரைத்தல் கொள்கையை முதலில் எடுத்துரைத்தோரும் பெரானாக்கன் சீனரே என்பது மறக்கத்தக்கதன்று. அது வெளியிலிருந்து மட்டும் சுமத்தப்பட்டதாகக் கூறுவது முழு உண்மையாகாது.

யாப் தியம் ஹியென் இவ்விரு தரப்பையும் ஏற்கவில்லை. ஒருவர் கரைய விரும்பினாலும் தனித்து நிற்க விரும்பினாலும், சட்டத்தின்முன் அனைவரும் நிகர் என்பதே அவர் வற்புறுத்திய நெறி. வாழ்நாள் முழுவதும் அவர் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று அந்நாட்டின் மனித உரிமை விருது ஒன்று அப்பெயராலேயே வழங்கப்படுகிறது.

1965 அக்டோபருக்குப் பின் இவ்வாதம் வலிமையால் முடித்துவைக்கப்பட்டது. இடதுசாரிகளோடு நெருக்கமாயிருந்த பபெர்கி தடை செய்யப்பட்டது. சீன மொழிப் பள்ளிகள் 1966இல் மூடப்பட்டன. 1967இல் மேற்குக் கலிமந்தானின் உட்பகுதிகளிலிருந்து பல்லாயிரம் சீனர் விரட்டப்பட்டனர். கரைத்தலே அரசின் கொள்கையாயிற்று.

6. பெயர் மாற்றத்தின் இயங்குமுறை

1966 டிசம்பரில் அமைச்சரவைத் தலைமைக்குழு வெளியிட்ட 127ஆம் எண் முடிவு, சீனப் பெயருடைய குடிமக்கள் பெயர் மாற்றும் நடைமுறையை எளிதாக்கியது. பிறர் பெயர் மாற்ற நீண்ட நடைமுறை தேவைப்பட, இவர்களுக்கு மட்டும் உள்ளூர் அலுவலரிடம் அளிக்கும் அறிக்கையே போதுமானதாக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டின் 240ஆம் எண் குடியரசுத் தலைவர் முடிவு, சீனப் பெயரை இன்னும் வைத்திருப்போர் வழங்கிவரும் விதிகளின்படி அதனை மாற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. அதே ஆண்டின் 14ஆம் எண் ஆணை, சீனச் சமயச் சடங்குகளையும் வழக்கங்களையும் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் ஒடுக்கியது. மற்றுமொரு சுற்றறிக்கை, ‘தியோங்ஹோவா’ என்னும் மதிப்புடைய பெயரை நீக்கி, இழிவுக் குறிப்புடன் ஒலித்த ‘சீனா’ என்னும் சொல்லை ஆட்சிவழக்கில் புகுத்தியது. ஆக, தனிமனிதர் பெயரும் சமூகத்தின் பெயரும் ஓராண்டு எல்லைக்குள் மாற்றப்பட்டன.

மக்கள் தேர்ந்த புதுப்பெயர்கள் ஆராய்தற்குரியன. பலர் பழைய குடிப்பெயரின் ஒலியைப் புதிய பெயருக்குள் பொதிந்து வைத்தனர். லியெம் என்பது சலீம், ஹாலிம் எனவும், தான் என்பது சுதாந்தோ, தனோத்தோ எனவும் மாறின. பெருவணிகர் லியெம் சியு லியோங், சுதோனோ சலீம் ஆனார். வேறு சிலர் ஒலியை விடுத்துப் பொருளைக் காத்தனர். லியெம் குடிப்பெயரைக் குறிக்கும் சீன எழுத்துக்குக் காடு என்பது பொருள். அக்குடியினருள் ஒரு குடும்பத்தார் ஏற்ற ‘வனந்தி’ என்னும் பெயரில் ‘வன’ என்னும் சொல் காட்டையே குறிக்கிறது. ஊய் குடியினருள் பலர் ‘விஜாயா’ என்னும் பெயரைத் தெரிந்தனர்.

தமிழ் வாசகர்க்கு இப்பெயர்களில் பல அறிமுகமானவையாகத் தோன்றும். விஜாயா, குணவான், குசுமா, தர்மா, சூர்யா, புடி, லெஸ்மானா (இலக்குமணன் என்பதன் ஜாவானிய வடிவம்) ஆகிய அனைத்தும் ஜாவானிய வழக்கில் பன்னூறாண்டுகளாக நிலவும் வடசொற்கள். ஜாவானிய முஸ்லிம்களும் இத்தகைய பெயர்களையே பெரிதும் தாங்குகின்றனர். பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதோரான சீனர்க்கு, சமயச் சார்பின்றி ‘உள்ளூர்த்தன்மை’ தரக்கூடிய சொற்களஞ்சியமாக இது அமைந்தது. ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த மொழியின் சொற்களே, மற்றொரு காலத்தில் மண்ணின் அடையாளமாக நின்று, பின்வந்தோரின் அயன்மையை மறைக்கப் பயன்பட்டன.

இம்மாற்றத்தில் இழந்தது எது? ஜாவானியரிடம் குடிப்பெயர் மரபு பொதுவாக இல்லை. சுகர்னோ, சுகார்த்தோ என்பன போன்று ஒற்றைப் பெயரே அவர்களிடம் மிகுதி. தந்தைவழிக் குடிப்பெயருக்கு அப்பெயரமைப்பில் இடமில்லை. எனவே ஒரே லியெம் குடியினர் சலீம், ஹாலிம், வனந்தி எனப் பலவாகப் பிரிந்தனர். இன்னார் இன்னாருக்கு உறவு என்பதைப் பெயரால் அறியும் வழி அடைந்தது. தலைமுறை அசை அறவே மறைந்தது. எனினும் மரபு முழுவதும் அழிந்துவிடவில்லை. வீட்டுக்குள் சீனப் பெயர் வழங்கியது. கல்லறையின் கல்வெட்டில் சீன எழுத்துகளால் பொறிக்கப்பட்டது. உயிரோடு இருக்கையில் ஒரு பெயரும், இறந்தபின் கல்லில் ஒரு பெயரும் என வாழ்வு இரண்டாயிற்று.

7. மாறிய பெயரும் மாறாத ஆவணமும்

பெயர் மாறினால் வேறுபாடு மறையும் என்பது கரைத்தல் கொள்கையின் வாக்குறுதி. அவ்வாக்குறுதியை அரசே முறித்தது. சீன வம்சாவளியினரிடம் ‘எஸ்.பி.கே.ஆர்.ஐ.’ எனப்படும் குடியுரிமைச் சான்றாவணம் கேட்கப்பட்டது. கடவுச்சீட்டுப் பெற, பல்கலைக்கழகத்தில் சேர, திருமணத்தைப் பதிவு செய்ய எனப் பல நிலைகளில் அது தேவைப்பட்டது. பெற்றோரிடம் அவ்வாவணம் இருந்தும், பிள்ளையிடம் தனியே கேட்கும் வழக்கம் இருந்தது. சில நிருவாகப் பகுதிகளில் அடையாள அட்டையிலேயே தனிக்குறியீடு இடப்பட்டது. பெயர் மாற்றப் பத்திரமே கூட, இவர் முன்பு இன்ன பெயருடையவர் என்பதை நிலையாக அறிவிக்கும் சான்றாயிற்று. மறைந்துவிடு என்று சொல்லிய அதே கை, மறையவிடாமல் முத்திரை குத்தியது.

1996ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் முடிவொன்று இவ்வாவணத் தேவையை நீக்கிய பின்னரும் அலுவலகங்களில் அது தொடர்ந்தது. உலக வாகையரும் சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவருமான இறகுப்பந்து வீரர் ஹெந்திரவான், குடியுரிமைச் சான்றுக்காக அலைய நேர்ந்து, 2002இல் குடியரசுத் தலைவரின் தலையீட்டுக்குப் பின்னரே அதனைப் பெற்றார். அவ்வாண்டின் தாமஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் வெற்றியை உறுதிசெய்தவர் அவரே.

பொருளாதாரத்திலும் இதே முரண் நிலவியது. அரசுப் பணி, இராணுவம், அரசியல் ஆகியவற்றின் வாயில்கள் சீனர்க்கு ஏறத்தாழ அடைக்கப்பட்டன. வணிகம் ஒன்றே திறந்திருந்தது. ஆட்சியாளரை அண்டிய சில பெருவணிகர் பெருஞ்செல்வம் ஈட்டினர். டச்சுக் காலத்து வரிக்குத்தகைக்காரர் நிலை வேறு வடிவில் மீண்டது. அரசியல் வலிமையற்ற பணக்காரர் அதிகாரத்தைச் சார்ந்தே நிற்பர். நெருக்கடி வரும்போது மக்களின் சினத்துக்கு அவர்களைக் காட்டலாம்.

அந்நெருக்கடி 1998 மே மாதத்தில் வந்தது. நாணய மதிப்பு சரிந்து விலைவாசி உயர்ந்த நிலையில், மே 12 அன்று திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மூன்று நாள்களில் ஜக்கார்த்தா முதலிய நகரங்களில் சீனரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், எரியும் வணிக வளாகங்களுக்குள் சிக்கிய எளிய நகர்ப்புற மக்கள் என்பதும் இங்குக் கருதத்தக்கது. அரசு அமைத்த கூட்டு உண்மையறியும் குழு, பாலியல் வன்முறைக்குள்ளானோர் 85 பேரை உறுதிசெய்தது. அவர்களுள் 52 பேர் வன்புணர்வுக்கு ஆளானவர். பாதிக்கப்பட்டோரில் பெரும்பகுதியினர் சீன வம்சாவளிப் பெண்கள். தாக்க வந்தவர்கள் எவருடைய பெயரையும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் மாற்றிய பெயர், காக்கவேண்டிய நாளில் எவரையும் காக்கவில்லை.

8. சட்டத்தின் மீட்சியும் எஞ்சிய வினாக்களும்

1998க்குப் பின் சட்ட நிலை விரைந்து மாறியது. அவ்வாண்டிலேயே ‘மண்ணின் மைந்தர்’, ‘மண்ணின் மைந்தரல்லாதார்’ என்னும் சொற்களை அரசு அலுவல்களில் நீக்க ஆணை வந்தது. 2000 சனவரியில் குடியரசுத் தலைவர் அப்துர்ரஹ்மான் வாஹித், 1967ஆம் ஆண்டின் 14ஆம் எண் ஆணையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறை நாளாயிற்று. குடியரசுத் தலைவர் ‘அசல்’ இந்தோனேசியராக இருத்தல் வேண்டும் என்னும் விதி 2001ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தில் மாற்றப்பட்டது. 2008இல் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சட்டம் வந்தது. 2014இல் ‘தியோங்ஹோவா’ என்னும் பெயர் ஆட்சிவழக்கில் மீண்டும் ஏற்கப்பட்டது.

இவற்றுள் ஆழமானது 2006ஆம் ஆண்டின் 12ஆம் எண் குடியுரிமைச் சட்டமே. ‘அசல் இந்தோனேசியர்’ என்னும் பழைய தொடரை அது நீக்கவில்லை. மாறாக, அதற்குப் புதுப்பொருள் தந்தது. பிறப்பு முதல் இந்தோனேசியக் குடிமகனாக இருந்து, தன் விருப்பத்தால் வேறு குடியுரிமையை ஏற்காதவரே ‘அசல்’ இந்தோனேசியர் என அச்சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. குருதியைச் சுட்டிய சொல் பிறப்பையும் பற்றையும் சுட்டும் சொல்லாயிற்று. அறுபது ஆண்டுக்காலம் பிரித்து வைத்த சொல், எழுத்தில் ஒரு வரி மாறியதால் உள்ளே அழைக்கும் சொல்லாயிற்று.

எனினும் மீட்சி முழுமையடைந்துவிட்டது எனக் கூறவியலாது. யோக்யாகர்த்தாவில் சீனர் நில உடைமை பெறுவதைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டு அறிவுறுத்தல் 1998க்குப் பின்னரும் நீடித்தது. ஜக்கார்த்தாவின் ஆளுநராயிருந்த பாசுக்கி சஹாயா பூர்ணமா 2017இல் தேர்தலில் தோற்று, சமய நிந்தனை வழக்கில் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவ்வாண்டில் அவரது வம்சாவளியும் தெருமுழக்கங்களில் பேசுபொருளாயிற்று. அதே 2017இல் மேற்குக் கலிமந்தானின் சிங்காவாங் நகர மக்கள், சீனப் பெயரையே தாங்கிய சாய் சுய் மீ என்னும் பெண்மணியை மேயராக அமர்த்தினர். 1998 மே நிகழ்வுகளை மனித உரிமை மீறல்களுள் ஒன்றாகக் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ 2023 சனவரியில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவற்றுக்கு நீதி வழங்கப்படவில்லை.

தடைகள் நீங்கிய பின் பழைய பெயருக்கு மீண்டோர் சிலரே. நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என அனைத்தும் புதுப்பெயரில் உள்ளமை ஒரு காரணம். அதனினும் வலிய காரணம், அப்பெயரிலேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டமை. வற்புறுத்தலால் வந்த பெயரும் இரண்டு தலைமுறை வாழ்ந்தபின் சொந்தப் பெயராகிவிடுகிறது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 12,33,000 சீனர் இருந்தனர். அன்று அது மக்கள்தொகையில் இரு விழுக்காடு. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைச் சீன வம்சாவளியினர் எனக் கூறியோர் 28,32,510 பேர், இது 1.2 விழுக்காடு. பின்னையது தன்விருப்ப அறிவிப்பின்வழிப் பெற்ற எண்ணாதலால், அதனுள் மக்கள்தொகையோடு மனநிலையும் பதிவாகியுள்ளது எனலாம்.

9. முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தோனேசியச் சீனர் தாமே ஒதுங்கி வாழ்ந்தனர் என்பதினும், கலந்து வாழ்ந்தவரைச் சட்டம் ஒதுக்கியது என்பதே பொருந்தும். இரண்டாவது, குடியுரிமை வாழ்வின் பயனாகக் கருதப்பட்ட காலத்தில் சிக்கல் குறைந்திருந்தது. அது மெய்ப்பிக்கவேண்டிய ஆவணமாக மாறியபோது, எத்தனை ஆவணங்களும் போதாமற்போயின. மூன்றாவது, பெயர் மாற்றம் வேறுபாட்டை மறைக்கும் என்னும் எதிர்பார்ப்பு பொய்த்தது. ஏனெனில் வேறுபாட்டைப் பேணிவந்தது பெயரன்று, அதைப் பதிந்துவைத்த பதிவேடே.

யாப் தியம் ஹியென் என்று பிறந்து அவ்வாறே மறைந்தவரும், ஹெந்திரா கர்த்தனெகாரா என்று மாறியவரும் ஒரே நாட்டுக்கே உழைத்தனர். ஒருவர் பெயரைக் காத்தமையால் குறைந்த இந்தோனேசியராகவில்லை; மற்றவர் பெயரை மாற்றியமையால் மிகுந்த இந்தோனேசியராகவுமில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட உண்மை இதுவே. அலுவலக மேசையிலும் தெருவிலும் அது நடைமுறையாகும் அளவே இச்சமூகத்தின் வருங்காலத்தை முடிவு செய்யும்.